நூதனசாலை கட்டிய சமூகம் தன் பழைய சுவர்களை இடிக்கலாமா?

கொழும்பு கறுவாத்தோட்டத்தில் ஆலமரங்களுக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று நிற்கும் தேசிய நூதனசாலையைப் பார்க்காத இலங்கையர் குறைவு. பாடசாலைச் சுற்றுலாவில் ஒருமுறையாவது அதன் படிகளில் நாம் ஏறியிருப்போம். 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தை வரைந்தவர் பொதுவேலைத் திணைக்களத்தின் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ஸ்மிதர். கட்ட வேண்டுமென்று தீர்மானித்தவர் ஆளுநர் வில்லியம் கிரகரி. கட்டி முடித்தவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார் என்ற முஸ்லிம் ஒப்பந்தக்காரர்.

இந்தச் செய்தியை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். திறப்பு விழாவின்போது ஆளுநர் அவரிடம் என்ன கௌரவம் வேண்டுமென்று கேட்டதாகவும், பட்டம் எதையும் கேட்காமல் வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூட வேண்டுமென்று அவர் வேண்டியதாகவும் ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. நீண்டகாலம் அந்த நூதனசாலை வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டே இருந்தது.

பெருமை பேசுவதில் தவறில்லை. ஆனால் நாட்டின் வரலாற்றைக் காப்பதற்கான முதல் பெரும் கட்டடத்தை எழுப்பியவரின் சமூகம், தன் சொந்த வரலாற்றுக் கட்டடங்களை எப்படி நடத்துகிறது என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை. ஊருக்கு ஊர் பழைய பள்ளிவாசல்கள் இடிக்கப்பட்டு, ஒரே மாதிரியான கொங்கிரீட் மாடிகளும் டைல்ஸ் சுவர்களும் எழுந்துகொண்டிருக்கின்றன. நூதனசாலைகளும் மரபுரிமைக் கட்டடங்களும் எவ்வாறு வடிவமைக்கப்படுகின்றன, அவற்றிலிருந்து நாம் எதைக் கற்கலாம் என்பதை இந்தக் கட்டுரை பார்க்கிறது.

வாப்பிச்சி மரிக்காரின் கட்டடம் எப்படி மூச்சு விடுகிறது?

கொழும்பு நூதனசாலை இத்தாலியப் பாணியில் அமைந்தது என்று கையேடுகள் கூறும். வளைவுகளும் தூண்களும் அந்தப் பாணிக்கு உரியவைதான். ஆனால் அந்தக் கட்டடம் ஒன்றரை நூற்றாண்டு தாக்குப்பிடிப்பதற்கு அதன் அழகு மட்டும் காரணமல்ல. தடித்த சுவர்கள் பகல் வெப்பத்தை உள்ளே விடாமல் தாமதப்படுத்துகின்றன. உயரமான கூரை வெப்பக் காற்றை மனிதர்களின் தலைக்கு மேலே கொண்டுபோகிறது. வளைவுகளோடு கூடிய விறாந்தை, வெயிலும் சாரலும் உள்சுவரை நேரடியாகத் தொடாமல் தடுக்கிறது. மின்விசிறியும் குளிரூட்டியும் இல்லாத காலத்தில் கட்டடக் கலைஞரும் மேசன்மாரும் காலநிலையோடு செய்துகொண்ட உடன்பாடு அது.

ஸ்மிதர் பின்னாளில் அனுராதபுரத்தின் கட்டடச் சிதைவுகளை அளந்து நூலாக்கியவர். ஒரு பழைய கட்டடத்தைத் தொடுவதற்கு முன்னர் அதை அளந்து வரைந்து வைக்க வேண்டும் என்பதை அறிந்தவர். இந்தப் பழக்கத்தைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேசுவோம்.

கால்வாய் மூடியாகக் கிடந்த கல்

அதே நூதனசாலையில் வைக்கப்பட்டிருக்கும் ஒரு கல்வெட்டை முஸ்லிம்கள் அவசியம் பார்க்க வேண்டும். 1911இல் காலியில் ஒரு மதகில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு அது. 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடையது. செங் ஹோ முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். கல்லின் சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேவந்துறைத் தெய்வமான தென்னவரை நாயனாருக்கும் காணிக்கை செலுத்துகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னர் இந்தத் தீவின் துறைமுகத்துக்கு வந்த ஒருவர், இங்கு மூன்று மரபினரும் வாழ்கிறார்கள் என்பதை அறிந்தே அந்தக் கல்லைக் கொண்டுவந்திருக்கிறார்.

இந்த நாட்டில் நம் வேர் எவ்வளவு ஆழமானது என்று கேட்போருக்குக் காட்ட அதைவிடப் பலமான சான்று வேண்டியதில்லை. அப்படிப்பட்ட கல்தான் மதகில் மூடியாகக் கிடந்தது. யாரோ ஒருவருக்கு அது வெறும் பலகைக் கல். அதன் அருமை தெரிந்த இன்னொருவர் கண்ணில் பட்டதால் தப்பியது. நம் பள்ளிவாசல்களின் பின்புறத்தில், மையவாடிகளின் மூலையில், பழைய வீடுகளின் பரணில் இன்று கிடக்கும் கற்களுக்கும் பலகைகளுக்கும் ஏடுகளுக்கும் அப்படி ஒரு கண் கிடைக்குமா என்பதே கேள்வி.

தோஹா: ஒரு நீர்த்தொட்டியிலிருந்து பிறந்த நூதனசாலை

முஸ்லிம் உலகில் அண்மைக் காலத்தில் கட்டப்பட்ட நூதனசாலைகளில் அதிகம் பேசப்பட்டது கட்டாரின் இஸ்லாமியக் கலை நூதனசாலை. 2008 நவம்பரில் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் சீனாவில் பிறந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய். பாரிஸ் லூவ்ர் முற்றத்தின் கண்ணாடிப் பிரமிட்டை அமைத்தவர். தோஹா நூதனசாலை திறக்கப்பட்டபோது அவருக்கு வயது 91.

இஸ்லாமியக் கட்டடக் கலையில் தமக்குப் போதிய அறிவில்லை என்று கருதிய பெய், வரைவதற்கு முன்னர் பயணம் புறப்பட்டார். ஸ்பெயினின் கொர்தோபா, இந்தியாவின் பதேபூர் சிக்ரி, டமஸ்கஸின் உமையாப் பள்ளிவாசல், தூனிசியாவின் கடற்கரைக் கோட்டைகள் என்று தேடினார். கடைசியில் அவர் தேடியது கெய்ரோவில், 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்னு தூலூன் பள்ளிவாசலின் முற்றத்தில் கிடைத்தது. அங்கே நடுவில் நிற்கும் வுழூச் செய்யும் மண்டபம் 13ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. கீழே சதுரம், அதன்மேல் எண்கோணம், அதன்மேல் குவிமாடம். அலங்காரம் மிகக் குறைவு. வெயில் சாயும்போது ஒவ்வொரு முகத்திலும் நிழல் வெவ்வேறாக விழுகிறது. அதையே பெய் தமது மூல வடிவமாக எடுத்துக்கொண்டார்.

தோஹாவில் படிப்படியாகப் பின்வாங்கி உயரும் சுண்ணக்கல் கட்டிகளைப் பார்த்தால் அந்த மண்டபத்தின் உறவு தெரியும். உள்ளே நுழைந்ததும் ஐந்து மாடி உயரத்துக்கு எழும் நடுக்கூடம். மேலே குவிமாடம். வளைகுடாக் கடலை நோக்கி ஏறத்தாழ 45 மீற்றர் உயரக் கண்ணாடிச் சாளரம். பிற்காலத்தில் உயர்ந்த கட்டடங்கள் எழுந்து தமது கட்டடத்தை மறைத்துவிடக் கூடாது என்று எண்ணிய பெய், கரையிலிருந்து சுமார் 60 மீற்றர் தொலைவில் கடலில் ஒரு செயற்கைத் தீவை அமைக்கச் செய்தார்.

நம்மில் பலர் இஸ்லாமியக் கட்டடம் என்றதும் பச்சை நிறத்தையும் வெங்காய வடிவக் குவிமாடத்தையும் இரண்டு மினாராக்களையும் நினைக்கிறோம். பெய் அவற்றை ஒட்டவைக்கவில்லை. ஒரு வுழூ மண்டபத்தின் கணக்கைப் புரிந்துகொண்டு அதைப் பெரிதாக்கினார். முஸ்லிம் அல்லாத ஒரு முதியவர் காட்டிய அந்தப் பொறுமையை நம் பள்ளிவாசல் கட்டட வரைபடங்களில் எத்தனை முறை காண்கிறோம்?

நிழலைக் கட்டுவது

பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஜோன் நூவேல் இன்னொரு வழியில் போனார். பழைய அரபு நகரங்களின் வீடுகளில் மஷ்ரபிய்யா எனப்படும் மரச் சல்லடைச் சாளரங்கள் இருந்தன. வெயிலைச் சலித்து, காற்றை விட்டு, வீட்டிலுள்ளோரின் மறைவையும் காத்தன. 1987இல் பாரிஸில் திறக்கப்பட்ட அரபுலக நிறுவனக் கட்டடத்தில் நூவேலும் அவரது குழுவினரும் அதை உலோகத்தில் செய்தார்கள். வெளிச்சத்துக்கேற்பத் திறந்து மூடும் 240 உலோகச் சாளரங்கள் தென்சுவரில் பொருத்தப்பட்டன. உலகமே வியந்தது. ஆனால் நுணுக்கமான அந்தப் பொறிகளில் பல காலப்போக்கில் இயங்காமல் போயின. பராமரிக்க முடியாத நுட்பம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சுமையாகிவிடும் என்ற பாடத்தையும் அக்கட்டடம் தந்தது.

2017இல் திறக்கப்பட்ட அபூதாபி லூவ்ரில் அதே நூவேல், அசையும் பொறி எதுவுமின்றி அதே நோக்கத்தை அடைந்தார். 180 மீற்றர் விட்டமுள்ள குவிமாடம். எட்டு அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்று வைக்கப்பட்ட 7,850 நட்சத்திர வடிவங்கள். சூரியன் நகர நகர, ஈச்ச ஓலைக் கூரைக்குக் கீழே நிற்பதுபோல ஒளிப்புள்ளிகள் நிலத்தில் நகர்கின்றன. கிடுகு வேய்ந்த கொட்டிலின் கீழ் இருந்து பழகிய நமக்கு அது புதிய அனுபவமல்ல. நம் ஊர்க் கட்டட அறிவும் அதே இடத்திலிருந்துதான் தொடங்கியது.

உருவமின்றி வரலாறு சொல்வது

நம் நாட்டுக்கு வருவோம். 2015இல் காத்தான்குடியில் பூர்வீக நூதனசாலை திறக்கப்பட்டபோது, கிழக்கு முஸ்லிம்களின் வாழ்வை ஒரே கூரையின் கீழ் காட்டும் முயற்சி என்று பலர் மகிழ்ந்தார்கள். அதேவேளை அங்கு வைக்கப்பட்ட மனித உருவச் சிலைகள் குறித்து மார்க்க ரீதியான ஆட்சேபனைகளும் எழுந்தன. அந்த வாதத்தின் இரு பக்கங்களையும் இங்கே மீண்டும் கிளறுவது நோக்கமல்ல. ஆனால் அது வெறும் பத்வாப் பிரச்சினையல்ல, வடிவமைப்புப் பிரச்சினையும்கூட என்பதை நாம் கவனிக்கவில்லை.

சிலையின்றி ஒரு நெசவாளியின் வாழ்வைக் காட்ட முடியுமா? முடியும். தறியை வையுங்கள். அவர் உட்காரும் பள்ளத்தை நிலத்தில் அமையுங்கள். தறியின் ஓசையை ஒலிக்க விடுங்கள். பாதி நெய்த சாரத்தை அதிலேயே விடுங்கள். பார்ப்பவரின் மனம் அந்த மனிதரை நிரப்பிக்கொள்ளும். தோஹாவில் இதைத்தான் செய்தார்கள். இருண்ட கூடத்தில் ஒரு குர்ஆன் பிரதியின் மேல், ஒரு பித்தளை விளக்கின் மேல் மட்டும் ஒளி விழும். உருவத்தைத் தவிர்க்கும் மரபு எழுத்தையும் வடிவக் கணிதத்தையும் வளர்த்ததுபோல, நூதனசாலை வடிவமைப்பிலும் அதுவே புதிய வழிகளைத் திறக்கக் கூடியது.

அதே காத்தான்குடியில் இதற்கு மறக்க முடியாத சான்று இருக்கிறது. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு, இஷாத் தொழுகையில் நின்றவர்கள் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். அந்தச் சுவரில் துப்பாக்கி ரவைகள் துளைத்த அடையாளங்கள் இன்றும் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. சீமெந்து பூசி மறைப்பது ஒரு நாள் வேலை. ஊரார் மறைக்கவில்லை. அந்தச் சுவரின் முன் நிற்பவருக்குச் சிலையும் தேவையில்லை, நீண்ட விளக்கமும் தேவையில்லை. மரபுரிமைப் பாதுகாப்பின் முதல் விதியை யாரிடமும் படிக்காமலே அந்த மக்கள் கடைப்பிடித்திருக்கிறார்கள்: சாட்சியைத் தொடாதே.

அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எம் மக்களுக்கு அந்த வாய்ப்பும் இருக்கவில்லை. யாழ்ப்பாணம் சோனகதெருவிலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் தலைமுறைகள் வாழ்ந்த வீடுகளை விட்டு, கையில் எடுக்க முடிந்ததோடு வந்தவர்கள் அவர்கள். பல ஆண்டுகளுக்குப் பின் திரும்பிச் சென்றபோது கூரையற்ற வீடுகளையும் பற்றை மூடிய பள்ளிவாசல்களையுமே கண்டார்கள். ஒரு சாவி, ஓர் உறுதிப் பத்திரம், ஒரு திருமணப் படம் என்று எஞ்சியவை இன்று புத்தளத்து வீடுகளின் அலுமாரிகளில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டுவந்தவர்கள் முதுமையடைந்து ஒவ்வொருவராக மறைகிறார்கள். அந்தப் பொருட்களின் கதையைப் பதிவு செய்ய இன்னும் நீண்டகாலம் இருக்கிறது என்று எண்ண முடியாது.

ஒளி, ஈரம், காற்று

நல்ல நோக்கத்தோடு தொடங்கும் சமூக நூதனசாலைகள் பெரும்பாலும் மூன்று விடயங்களில் தோற்கின்றன.

முதலாவது ஒளி. கையெழுத்துப் பிரதி, துணி, பழைய புகைப்படம் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேற்பட்ட ஒளி கூடாது என்பது நூதனசாலைத் துறையின் பொது வழக்கம். நம் நாட்டு நடுப்பகல் வெயிலோ ஒரு இலட்சம் லக்ஸை நெருங்கக் கூடியது. ஒளியால் ஏற்படும் சேதம் சேர்ந்துகொண்டே போகும். ஒருமுறை மங்கிய மை திரும்ப வராது. எனவே கண்ணாடிச் சுவர் வைத்த 'நவீன' மண்டபத்தில் அரபுத் தமிழ் ஏடுகளை வைப்பது, அவற்றை மெதுவாக எரிப்பதற்குச் சமம்.

இரண்டாவது ஈரப்பதன். கொழும்பிலும் கரையோரங்களிலும் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலான நாட்களில் 70 சதவீதத்தைத் தாண்டும். அந்த அளவில் பூஞ்சணம் வளரும். குளிரூட்டியைப் பூட்டினால் தீர்ந்தது என்று நினைக்கிறோம். பகலில் ஓடவிட்டு இரவில் நிறுத்தினால் கடதாசியும் மரமும் தினமும் சுருங்கி விரியும். நிலையான ஈரத்தைவிட அந்த ஏற்ற இறக்கம் கொடியது. 2022இல் நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டை அனுபவித்த நாம், மின்சாரத்தை மட்டும் நம்பி ஒரு களஞ்சியத்தைக் கட்டக் கூடாது. தடித்த சுவர், ஆழமான விறாந்தை, நிலமட்டத்திலிருந்து உயர்த்திய தளம், கறையான் தடுப்பு, வெளிச்சுவரைத் தொடாத உள்ளறையில் களஞ்சியம் ஆகியவையே முதற் பாதுகாப்பு.

மூன்றாவது, பழைய சுவரின் மூச்சு. பழைய பள்ளிவாசல்களின் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டவை. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியாக வெளியேறிவிடும். அதன்மேல் சீமெந்து பூசி டைல்ஸ் ஒட்டினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவருக்குள்ளேயே மேலேறும். சில ஆண்டுகளில் உப்புப் பூத்து, பூச்சு உதிர்ந்து, சுவர் பலமிழக்கும். பிறகு நிருவாக சபை கூடி, கட்டடம் பழுதாகிவிட்டது, இடிப்பதைத் தவிர வழியில்லை என்று தீர்மானிக்கும். பழுதாக்கியது முதுமையல்ல, நாம் செய்த திருத்த வேலை.

இடிக்காமல் வளர்ந்தவை

தொழுகையாளிகள் பெருகும்போது இடம் போதாமல் போவது உண்மையான பிரச்சினை. அதற்கு இடிப்பது ஒன்றுதான் தீர்வா? புறக்கோட்டைச் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலைப் பாருங்கள். 1908இல் வேலை தொடங்கி 1909இல் நிறைவுற்ற அந்தச் செவ்வெள்ளைக் கட்டடத்தை வரைந்தவர் சாய்பு லெப்பை. முறையான கட்டடக் கலைக் கல்வி பெற்றவரல்லர். பிற்காலத்தில் இடம் போதாமல் போனபோது அயற்காணிகளை வாங்கிக் கட்டடம் விரிவாக்கப்பட்டது. பழைய பகுதி நின்றது. இன்று உலகெங்குமிருந்து வரும் சுற்றுலாப் பயணிகள் அதன் முன்னால் நின்று படமெடுக்கிறார்கள்.

காலிக் கோட்டையின் மீரான் பள்ளிவாசலும் இன்னொரு பாடம். வெளியிலிருந்து பார்ப்போர் தேவாலயமோ என்று நினைப்பார்கள். கோட்டையின் ஐரோப்பியத் தெருவோடு இசைந்து நிற்கும் அந்தக் கட்டடம், உள்ளே முழுமையான பள்ளிவாசல். அயலவரோடு முரண்டுபிடிக்காமலே தன் அடையாளத்தைக் காக்க முடியும் என்பதை நம் முன்னோர் கட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

புறக்கோட்டையின் ஒல்லாந்தர் காலத்து மாளிகை இன்று ஒல்லாந்தர் நூதனசாலை. எகிப்திலிருந்து 1883இல் இங்கு நாடுகடத்தப்பட்ட ஒராபி பாஷா கண்டியில் வாழ்ந்த இல்லம் இன்று அவர் பெயரிலான கலாசார நிலையம். நூதனசாலைக்குப் புதிய கட்டடம்தான் வேண்டும் என்பதில்லை. பழைய கட்டடத்துக்குப் புதிய பணி கொடுப்பதே பல வேளைகளில் மலிவானதும் பொருத்தமானதுமாகும்.

என்ன செய்யலாம்?

பெருந்தொகைப் பணமில்லாமலே தொடங்கக் கூடியவை சில.

1. எந்தப் பழைய பள்ளிவாசலில் கை வைப்பதற்கு முன்னரும் அதை முழுமையாக அளந்து வரைந்து, ஒவ்வொரு சுவரையும் புகைப்படமெடுத்து வைக்க வேண்டும். ஊரில் கட்டடக் கலையோ நில அளவையோ படிக்கும் ஒரு மாணவர் இருந்தால் போதும்.

2. கல்வெட்டு, மிம்பர், கதவு, தூண், மீஸான் கல் ஆகியவற்றை விற்கவோ எறியவோ கூடாது. அவை இருந்த இடத்தைக் குறித்துப் பாதுகாக்க வேண்டும். வக்பு சொத்து என்பது காணியும் கடையும் மட்டுமல்ல.

3. 1940ஆம் ஆண்டின் தொல்பொருளியல் கட்டளைச் சட்டத்தின் கீழ் தம் கட்டடம் எந்த நிலையில் உள்ளது என்பதை ஒவ்வொரு நிருவாக சபையும் அறிந்திருக்க வேண்டும். தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே நம் மக்கள் அஞ்சுவதற்குக் காரணங்கள் உண்டு. நம் ஆவணங்களை நாமே ஒழுங்காக வைத்திருப்பதுதான் அந்த அச்சத்துக்கு மருந்து.

4. ஒவ்வொரு ஊரிலும் பள்ளிவாசலிலோ பாடசாலையிலோ ஓர் உலர்ந்த, இருண்ட, பூட்டக்கூடிய அறையை ஒதுக்கலாம். அறிஞர் சித்திலெப்பை 1882இல் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' போன்ற இதழ்களின் பிரதிகள், அரபுத் தமிழ் நூல்கள், பழைய உறுதிகள், திருமணப் பதிவுகள் முதலில் அங்கு சேரட்டும். நூதனசாலை என்று பெயர்ப்பலகை மாட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

5. 1990இன் பொருட்களையும் அவற்றுக்குரியவர்களின் வாக்குமூலங்களையும் இப்போதே பதிவு செய்ய வேண்டும். கட்டடம் காத்திருக்கலாம். மனிதர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

வாப்பிச்சி மரிக்கார் கட்டிய நூதனசாலைக்குள் இந்த நாட்டின் எல்லாச் சமூகங்களின் வரலாறும் இருக்கிறது. அதில் நம் பங்கு ஒரு மதகில் கிடந்து தப்பிய கல்லாக நிற்கிறது. அடுத்த தலைமுறைக்கு நாம் விட்டுச் செல்லும் பங்கு எதுவாக இருக்கும் என்பதை, அடுத்த மாதம் கூடப்போகும் ஏதோ ஒரு பள்ளிவாசல் நிருவாக சபைதான் தீர்மானிக்கப் போகிறது. அந்தக் கூட்டத்தில் இடிப்பதற்கு ஆதரவாகக் கை உயர்த்துவதற்கு முன், ஒரு பழைய சுவர் எதற்கெல்லாம் சாட்சியாக நின்றது என்று ஒருவராவது எழுந்து கேட்கட்டும்.